வெள்ளிக்கிழமை இருபது டாலர்

பைன் லிக்
பிப்ரவரி 12

டாயலுக்கு,

பள்ளிக்கூடச் சமையலறையைக் கழுவிவிட்டு நேரே ஜெயிலுக்கு வந்தேன். உள்ளே வரவில்லை, வாசல் கூடத்தோடு சரி. அங்கே சுவரோரம் பணம் போடுகிற இயந்திரம் ஒன்று நிற்கிறது. அதில் உன் பெயரைத் தேடிப் பிடித்து, உன் கணக்கில் இருபது டாலர் போட்டேன். தன் கூலி என்று அது தனியாக மூன்று டாலர் கேட்டது. அதையும் அழுதேன்.

ஜெயில் கடையில் கம்பளிக் காலுறை விற்கிறார்களாம். இரண்டு ஜோடி வாங்கிக்கொள். குளிர் வந்தால் உனக்கு முதலில் கால்தான் விறைக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

போனில் கூப்பிடாதே. கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். கோபம் மட்டும் காரணமில்லை. உன் குரலைக் கேட்டால் நேரே ஷெரீஃபிடம் போய், கொடுத்த புகாரைத் திருப்பிக் கொடு என்று நிற்பேன். நிற்கக் கூடாது என்று முடிவெடுத்திருக்கிறேன்.

கொக்கி உடைந்த என் கைப்பையை நீ தூக்கிக்கொண்டு போனாய். அதிலிருந்த வாடகைப் பணமும் பேங்க் கார்டும் போதை மாத்திரை விற்கிறவனிடம் போயின. அது போனால் போகட்டும். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் உன்னைக் கண்டெடுத்தபோது உன் உதடு நீலமாக இருந்ததாம். அதைச் சொன்ன அதிகாரியிடம்தான் புகாரை எழுதிக் கொடுத்தேன். சொந்தத் தம்பியைப் பிடித்துக் கொடுத்தவள் என்று ஊர் பேசட்டும். நீ செத்துப்போன சேதி வருவதைவிட இந்தப் பேச்சு எனக்கு லேசு.

கோபம் இன்னும் இருக்கிறது. காலுறை வாங்கு.

வெர்னா


கார்வர் கவுண்டி ஜெயில்
பிப்ரவரி 21

மதிப்புக்குரிய வெர்னா ஸ்டிடம் அம்மையார் அவர்களுக்கு,

பிடித்துக் கொடுத்ததும் தாங்களே, காலுக்குக் கம்பளி போட்டுவிடுவதும் தாங்களே. தங்கள் பெரிய மனசுக்கு என் நன்றி.

தாங்கள் போட்ட இருபதில் என் கணக்குக்கு வந்து சேர்ந்தது பத்து. மீதியை ஜெயில் எடுத்துக்கொண்டது. இங்கே படுப்பதற்கு நாள் வாடகை உண்டு, தெரியுமா? உள்ளே கொண்டுவந்த அன்று என் விரல் ரேகையை எடுத்தார்களே, அதற்கும் கட்டணம். பல்வலி என்று நர்ஸைப் பார்த்தேன். அவள் என் வாயைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். அதற்கு ஒரு கட்டணம். இந்த மெத்தைக்கு வாடகை கேட்கிறவனைத்தான் முதலில் உள்ளே தள்ள வேண்டும்.

ஆகவே தாங்கள் பணம் அனுப்புவது எனக்கு அல்ல, ஜெயிலை நடத்துகிற கவுண்டி நிர்வாகத்துக்கு. இனிமேல் அனுப்ப வேண்டாம். எனக்கு அக்கா யாரும் இல்லை என்று இங்கே சொல்லிவைத்திருக்கிறேன்.

காலுறை வாங்கினேன். ஒரு ஜோடி.

டாயல்

இந்தக் கடிதங்களை எல்லாம் வாசல் மேஜையில் உட்கார்ந்திருக்கும் காவலர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். வணக்கம், ரீட்டா மே.


பைன் லிக்
மார்ச் 5

டாயலுக்கு,

அம்மையாராம். ஒன்பது வயது வரைக்கும் உனக்கு ஷூ நாடா கட்டிவிட்டவளுக்கு இந்த மரியாதை ஒன்றுதான் பாக்கி.

பாதி போகிறதென்றால் போகட்டும். மீதிப் பாதி உன்னிடம் வருகிறதல்லவா? நிறுத்தச் சொல்கிறாய். என்னால் ஏன் முடியாது என்று சொல்கிறேன், கேள்.

எங்கள் சாப்பாட்டறையில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்து, கடைசியில் தங்கள் எண்ணை அமுக்குவார்கள். அப்பன் ஆத்தாள் கணக்கில் பணம் போட்டிருந்தால் சரி. போடாவிட்டால் திரை சிவப்பாகும். உடனே நான் அந்தச் சூடான தட்டைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கிக் குப்பையில் கொட்ட வேண்டும். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதற்குப் பதிலாகக் குளிர்ந்த சீஸ் சாண்ட்விச் ஒன்றை நீட்ட வேண்டும். விதி அது. வரிசையில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் வேடிக்கை பார்க்கும். போன வாரம் ஒரு பெண்பிள்ளை, "பரவால்ல மிஸ் வெர்னா, எனக்குச் சீஸ்னாதான் ரொம்பப் புடிக்கும்" என்றது. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போயிற்று. பின்னாலேயே ஓடிப்போய், கொட்டாமல் வைத்திருந்த தட்டைக் கொடுத்துவிட்டு, என் பணத்தை அதன் கணக்கில் போட்டேன். மேலாளருக்குத் தெரிந்தால் என் சீட்டைக் கிழித்துவிடுவார்.

ஒரு கணக்கு வெறுமையாகக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு என்னால் வீட்டில் உட்கார முடியாது. ஊரான் பிள்ளை கணக்கைப் பார்த்தே உட்கார முடியவில்லை. நீ என்னடா என்றால் அக்காவே இல்லை என்கிறாய்.

ஜெயிலில் பணம் போடுகிற வரிசையில் எனக்கு முன்னால் எப்போதும் கிளெண்டா நேப்பியர் நிற்கிறாள். அவள் மகன் கோடி உனக்கு அடுத்த அறையாமே. அவளும் இருபதுதான் போடுகிறாள். "நாம ரெண்டு பேரும் போட்ட காசுல கவுண்டிக்காரன் நம்ம தெருவுக்குத் தாராவது போட்டிருக்கலாம் வெர்னா" என்றாள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். ரீட்டா மே முறைத்தாள். நாலாம் வகுப்பில் காரட்டை எல்லாம் மேஜைக்கு அடியில் ஒட்டவைத்தவள், இப்போது என்னை முறைக்கிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் போடுவேன்.

வெர்னா


கார்வர் கவுண்டி ஜெயில்
மார்ச் 23

அக்கா,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது ரீட்டா மே, "ஒங்க அக்காகிட்ட சொல்லிடு, அது காரட் இல்ல, பீட்ரூட்டு" என்றாள்.

இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேர் உன் கையால் சாப்பிட்டவர்கள். காவலர்களிலும் பாதிப் பேர் அப்படித்தான். நான் மிஸ் வெர்னாவின் தம்பி என்று தெரிந்ததும் கோடி சுவரைத் தட்டி, "யோவ், ஒங்க அக்கா எனக்கு மட்டும் எப்பவும் ரெண்டு ரொட்டி வெப்பாங்க, தெரியுமா?" என்று பெருமை அடித்துக்கொண்டான். அக்காவே இல்லை என்று நான் சொன்ன பொய் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

என் கட்டிலுக்குக் கீழ்க் கட்டிலில் டீக் என்று ஒரு கிழவர். அவர் கணக்கில் ஒரு சென்ட் போட இந்த உலகத்தில் ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கே எல்லோரும் ஆளுக்கொரு நூடுல்ஸ் பொட்டலமோ, சிப்ஸோ, ஒரு துண்டு சாஸேஜோ கொண்டுவந்து போடுவார்கள். எல்லாவற்றையும் பெரிய சிப்ஸ் பை ஒன்றில் கொட்டி நொறுக்கி, குழாய் வெந்நீரை ஊற்றி, துண்டில் சுற்றிப் படுக்கைக்குள் வைத்துவிடுவோம். ஊறியதும் பிரித்துப் பங்கு போடுவோம். ஒன்றும் போடாத டீக்குக்கும் பங்கு உண்டு. உங்கள் சாப்பாட்டறை விதி இங்கே கிடையாது. ருசி உன் பீன்ஸுக்குப் பக்கத்தில் வராது. ஆனால் சூடாக இருக்கும்.

உடம்பு தேறிவிட்டது. முதல் இரண்டு வாரத்தைப் பற்றி மட்டும் கேட்காதே. இப்போது தூக்கம் வருகிறது. உன் பணத்தில் நன்றாக வாங்கிச் சாப்பிடுகிறேன். கவலைப்படாதே.

உன் தம்பி
டாயல்


பைன் லிக்
ஏப்ரல் 16

டாயல்,

நேற்றுப் பணம் போட்டுவிட்டுத் திரும்பும்போது ரீட்டா மே கூப்பிட்டாள். "சொல்லக் கூடாது மிஸ் வெர்னா, ஆனாலும் சொல்றேன். ஒங்க தம்பி அந்த ஒரு ஜோடி காலுறைக்கு அப்புறம் ஒண்ணுமே வாங்கல. போட்டது பூரா அப்படியே கெடக்கு" என்றாள். அவள் பெயரை இழுத்ததற்கு அவளே மன்னிக்கட்டும். எப்படியும் முதலில் படிக்கப்போகிறவள் அவள்தானே.

நன்றாக வாங்கிச் சாப்பிடுவதாக எழுதினாய். படித்துவிட்டு மூன்று வாரம் நிம்மதியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையில் நீ எதைப் போடுகிறாய்? டீக்குக்காவது போட ஆள் இல்லை. உனக்கு நான் இருக்கிறேன். நீயும் வெறுங்கையை நீட்டிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறாய்?

வெளியே விடுகிற அன்று, கணக்கில் மிச்சம் இருப்பதை ஒரு கார்டில் ஏற்றிக் கையில் கொடுத்து அனுப்புவார்களாம். கிளெண்டா சொன்னாள். அவளுக்கு அது நல்ல விஷயமாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை.

எதற்காகச் சேர்க்கிறாய்? நேராகப் பதில் சொல்.

வெர்னா


கார்வர் கவுண்டி ஜெயில்
ஏப்ரல் 22

அக்கா,

பஸ் கூலிக்கு. இங்கிருந்து பைன் லிக்குக்கு நடந்தா வருவேன்? அப்புறம் ஒரு சட்டை. வேலை கேட்டுப் போக ஒரு ஜோடி பூட்ஸ். வெளியே வருகிற மனுஷன் கையில் நாலு காசு இருக்க வேண்டாமா?

நான் எதைச் செய்தாலும் உன் கண்ணுக்குத் திருட்டாகத்தான் தெரியும். கைப்பையை இன்னும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாயா?

கோடி செவ்வாய்க்கிழமை வெளியே போகிறான். அவன் அம்மா அவனை எதற்கும் கேள்வி கேட்பதில்லை.

டாயல்


பைன் லிக்
மே 3

டாயல்,

பைன் லிக்குக்குப் பஸ் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதைப் பற்றி இன்று பேசப்போவதில்லை.

உங்களுக்கு உள்ளே சேதி வந்திருக்கும். கோடி செவ்வாய்க்கிழமை வந்தான், வியாழக்கிழமை போய்விட்டான். பெட்ரோல் பங்கின் கழிப்பறைக் கதவை உடைத்து எடுத்தார்கள். மாத்திரையை முன்னால் பழகின அளவுக்கே போட்டுக்கொண்டானாம். இத்தனை மாதம் சுத்தமாக இருந்த உடம்புக்கு அது தாங்கவில்லை. சட்டைப் பையில் ஜெயிலில் கொடுத்த அந்தக் கார்ட் இருந்தது.

நேற்று அடக்கம். கோழியும் நூடுல்ஸும் வேகவைத்து எடுத்துக்கொண்டு போனேன். கிளெண்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்காசுதான் வெர்னா. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நாந்தான போட்டேன், ஒம் பக்கத்துலதான நின்னு போட்டேன்" என்றாள். சூட்டுப் பாத்திரத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். "அவனுக்கு ரெண்டு ரொட்டி வெப்பேன் கிளெண்டா" என்று மட்டும் சொன்னேன். "தெரியும், சொல்லுவான்" என்றாள்.

உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், கைப்பை இன்னும் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. அதனால் எனக்குக் கழுத்து வலிக்கிறது.

வெர்னா


கார்வர் கவுண்டி ஜெயில்
மே 14

அக்கா,

எழுதி எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பிவிடுகிறேன்.

பஸ் கூலி இல்லை. எதற்கென்று உனக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. எந்த வீடு, எந்த ரோடு, எத்தனை மாத்திரை வாங்குவது, எல்லாம் திட்டம் போட்டுவைத்திருந்தேன். ஒரே ஒரு தடவை, அதோடு விட்டுவிடலாம் என்று. உன் இருபதில் எனக்கு வருகிற பத்தைத் தொடாமல் வைத்ததும் அதற்குத்தான். கோடியும் நானும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு அதைத்தான் பேசுவோம். அவன் முறை எனக்கு முன்னால் வந்தது. வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை.

சேதி வந்த அன்று டீக், "வெளிய போனதும் எங்கணக்குல அஞ்சு டாலர் போடறேன்னான், பாவிப்பய" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாள் நெருங்க நெருங்க மற்றவர்களுக்கு முகம் மலர்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. கதவுக்கு வெளியே, அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாமல் நிற்கிற ஐந்து நிமிஷத்தை நினைத்துப் பயம். அந்த ஐந்து நிமிஷத்தில் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் அது பொய்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். இனி பணம் போடாதே. முதலில் வேண்டாம் என்றது வீம்பு. இது அது இல்லை. இருப்பதை நான் வாங்கித் தின்று தீர்த்துவிடுகிறேன். நான் வெளியே வருகிற அன்று என் கணக்கு வெறுமையாக இருக்கட்டும். உன்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

டாயல்


பைன் லிக்
மே 28

டாயல் கண்ணா,

வியாழக்கிழமையோடு கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். நேற்று வெள்ளிக்கிழமை. என் கால் என்னைக் கேட்காமல் ஜெயிலுக்கு வந்துவிட்டது.

இயந்திரத்துக்கு முன்னால் இருபது டாலரை வைத்துக்கொண்டு நின்றேன். உன் பெயர் திரையில் வந்தது. விரல் பொத்தானுக்குப் போயிற்று. பின்னால் நின்றவர் இருமினார். வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். ரீட்டா மே எழுந்து வந்து, "ஒரு காப்பி குடிக்கிறீங்களா மிஸ் வெர்னா?" என்றாள். அதைப்போல மட்டமான காப்பியை நான் குடித்ததே இல்லை. அவள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் படித்துவிட்டாளே.

உன் கணக்கில் போடவில்லை. ஆனால் அந்த நோட்டைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகவும் மனசு வரவில்லை. டீக்கின் முழுப் பெயரை ரீட்டா மேயிடம் கேட்டு அவர் கணக்கில் போட்டுவிட்டேன். பாதி கவுண்டிக்குப் போகும். போகட்டும்.

இன்னொன்று. மலைக்கு அந்தப் பக்கம், வண்டியில் இரண்டு மணி நேரத்தில், ஒரு வீடு இருக்கிறது. மாத்திரையை விட்டவர்கள் தங்கி, வேலை செய்து, பழகிக்கொண்டு வெளியே வரலாம். நீ வெளியே வருகிற வாரம் ஒரு படுக்கை காலியாகிறது. பேசிவைத்திருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை நான் உன்னைப் பிடித்துக் கொடுக்கமாட்டேன். நீ போகிறேன் என்று சொன்னால்தான் உண்டு.

அக்கா


கார்வர் கவுண்டி ஜெயில்
ஜூன் 13

அக்கா,

முதலில் டீக் கதை. கணக்கில் பணம் வந்திருக்கிறது என்று சீட்டைக் கொடுத்தார்கள். கிழவர் நம்பவில்லை. "எவனோ பேரு மாறிப் போட்டுட்டான். தொட்டா எம்மேல இன்னொரு கேஸ் போட்டுருவானுங்க" என்று ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. என் அக்கா போட்டது என்றேன். "ஒங்க அக்காவுக்கு நான் என்ன செஞ்சேன்?" என்றார். ஒன்றும் செய்யவில்லை, அவள் அப்படித்தான் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலையைச் சீவிக்கொண்டு, கையில் ஒரு நூடுல்ஸ் பொட்டலத்தோடு வந்து நின்றார். "இந்தாங்கடா, எம் பங்கு" என்று அவரே பையில் போட்டார். எவனும் சிரிக்கவில்லை.

நேற்று நான் என் கணக்கைக் காலி செய்தேன். சாஸேஜ், சீஸ், சிப்ஸ், மிளகாய் ஊறுகாய், எல்லாம். மூன்று பை நிறைய. எல்லா அறைக்கும் போயிற்று. கவுண்டிக்காரன் எடுத்தது போக உன் பணத்தில் எனக்கு வந்ததை எல்லாம் நீ சோறு போட்ட பிள்ளைகளே மறுபடியும் சாப்பிட்டார்கள் என்று வைத்துக்கொள். மிச்சம் ஏழு சென்ட். ஏழு சென்டுக்குக் கடையில் ஒரு பொருளும் இல்லை. இதற்கும் கார்ட் கொடுப்பீர்களா என்று ரீட்டா மேயைக் கேட்டேன். "சட்டப்படி குடுத்துத்தான் ஆகணும்" என்றாள்.

அந்த வீட்டுக்குப் போகிறேன், அக்கா. நானாகத்தான் சொல்கிறேன்.

இருபத்து நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில் விடுகிறார்கள். நீயே கொண்டுபோய் விடுவாயா? நீ வந்து சேரும் வரைக்கும் கதவுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருப்பேன் என்று ரீட்டா மேயிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. கைப்பையை வீட்டில் வைத்துவிட்டு வா. நான் பக்கத்தில் இருக்கும்போது நீ அதை அந்தப் பக்கமாக இடுக்கிக்கொண்டு வண்டி ஓட்டுவதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

டாயல்


பைன் லிக்
ஜூன் 18

டாயல் கண்ணா,

வெள்ளிக்கிழமை காலையில் கதவுக்கு நேர் எதிரே நிற்பேன். நான் வழக்கமாக வருகிற நாள்தானே. அந்த ஐந்து நிமிஷம் உனக்கு வராது.

கைப்பையை விட்டுவிட்டு வரமாட்டேன். இவ்வளவு வயதாகி, பை இல்லாமல் வெளியே போகிற பழக்கம் எனக்கு இல்லை. வண்டியில் அது எங்கே கிடக்கும் என்று உனக்கே தெரியும். பக்கத்துச் சீட்டில். கொக்கியை இன்னும் சரிபண்ணவில்லை, வாயைத் திறந்துகொண்டுதான் கிடக்கும். உள்ளே பெட்ரோலுக்குப் பணம், வழியில் சாப்பிடப் பணம், பெப்பர்மிண்ட் மிட்டாய். அன்றைக்கு ஷெரீஃப் பையைத் திருப்பிக் கொடுத்தபோது எல்லாம் போயிருந்தது, பெப்பர்மிண்ட் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தது. சின்ன வயதில் நீ அதைத்தான் முதலில் எடுப்பாய். பணம் போனதற்கு அழாதவள் அதைப் பார்த்து அழுதேன். இந்தத் தடவை எடுத்துக்கொள்.

உன் ஏழு சென்ட் கார்டையும் அதிலேயே போட்டுவிடு.

மூன்று நாளாகத் தலையணையை மட்டும் வைத்துத் தூங்குகிறேன். கழுத்து வலி விட்டுப் போயிற்று.

வண்டியில் வேறு இடம் இல்லை. பின்னால் எல்லாம் உன் துணியும் போர்வையும். நீ உட்கார வேண்டுமென்றால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். இரண்டு மணி நேரமும் நான் ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டுவேன். உன் பக்கம் திரும்ப மாட்டேன்.

மலைப்பாதை. வளைவு அதிகம். பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்.

அக்கா